கொடுமணமும் அதன் ஈமக்காடும்

ஈரோடு மாவட்டத்தில் நொய்யலாற்றின் வடகரையிலுள்ள கொடுமணல் இன்று ஒரு சிற்றூர். பதிற்றுப்பத்தின் 67, 74 ஆம் பாடல்களில் கபிலரும் அரிசில்கிழாரும் அணிகலச் சிறப்போடு சுட்டும் கொடுமணம் இவ்வூரே என்பர். பெயரொப்புமை ஒன்றே சான்றாயின் இம்முடிபு வலியுடையதாகாது. ஐயம் நீக்கியது மண்ணே.

1985 முதல் பல கட்டங்களாக நிகழ்ந்த அகழாய்வுகளில் இரும்புருக்கிய உலைகளும், மணிகளை அறுத்துத் துளையிட்டு மெருகேற்றிய தொழிலின் பல நிலைகளும் வெளிப்பட்டன. முற்றுப்பெறாத மணிகளும் கழித்தெறிந்த சில்லுகளுமே இங்கு முதற்சான்று. முற்றிய மணி வணிகத்தால் எங்கும் செல்லும், கழிவு செல்லாது. பெரில் எனப்படும் பச்சைக்கல் அண்மையிலுள்ள படியூரில் கிடைப்பது. சூதுபவளமோ தொலைநாட்டுப் பொருள்.

ஊரையடுத்து விரிந்த ஈமக்காட்டில் கல்வட்டம் சூழ்ந்த பதுக்கைகள் உள்ளன. உழவால் அழிந்தன பல. ஒரு பதுக்கையில் மட்டும் 2,000-க்கு மேற்பட்ட சூதுபவள மணிகள் இருந்தன. பாட்டில் கொடுமணத்து அணி அரசவைக்கும் பரிசிலர்க்கும் உரியதாகவே தோன்றும். அவ்வூரார் தம் இறந்தோர்க்கும் அத்தகு செல்வத்தை ஈந்தனர் என்பதைப் புலவர் கூறிற்றிலர். கூறவேண்டிய இடமும் அஃதன்று.

இத்துணை மணி கண்டு அப்பதுக்கையை அரசனது எனச் சிலர் துணியக்கூடும். யாம் அவ்வாறு கருதவில்லை. ஊரிருக்கைப் பானையோடுகளில் கண்ணன் ஆதன் எனத் தமிழ்ப் பெயரும், சம்பன் ஸுமனன் எனப் பிராகிருதச் சாயற் பெயரும், வணிகர் குழுவைக் குறிக்கும் நிகம என்னும் சொல்லும் தமிழி எழுத்திற் பொறிக்கப்பட்டுள்ளன. கல்லை வருவித்தவரும் இழைத்தவரும் இவரனையோரே. அப்பதுக்கைக்கு உரியோரை இவருள் தேடுதலே பொருந்தும்.