ஷி நெவர் டோல்ட் ஹெர் லவ்

ஆஸ்திரிய இசைமேதை யோசெஃப் ஹைடன் (1732–1809) ஆங்கிலச் சொற்களுக்கு இசையமைத்த தனிக்குரல் பாடல். தன் காதலை ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லாத பெண்ணைப் பற்றியது. 1795இல் லண்டனில் வெளியான ஆறு கான்சொனெட்டாக்களின் இரண்டாம் தொகுதியில் இடம்பெற்றது. கான்சொனெட்டா என்பது வீட்டுக் கூடத்தில் பியானோ துணையோடு பாடும் சிறுபாடல். ஹோபோகன் தொகுத்த ஹைடன் படைப்புப் பட்டியலில் இது 26-ஏ பிரிவின் 34ஆம் எண்.

சொற்கள் ஷேக்ஸ்பியருடையவை, 'பன்னிரண்டாம் இரவு' நாடகத்தின் இரண்டாம் அங்கம், நான்காம் காட்சியில் வருபவை. ஆண் வேடத்தில் ஆர்சினோ பிரபுவிடம் பணிபுரியும் வயோலா, அவனையே மனத்தில் வைத்திருக்கிறாள். பெண்களால் ஆண்களைப் போல் ஆழமாகக் காதலிக்க முடியாது என்று அவன் வாதிடும்போது, தன் தந்தைக்கு ஒரு மகள் இருந்தாள் என்று தொடங்கி, தன் கதையையே இன்னொருத்தியின் கதைபோலச் சொல்கிறாள். கேட்பவனுக்குப் புரியவில்லை, அரங்கில் இருப்போர் அனைவருக்கும் புரிகிறது.

நாடகத்தில் இது பாட்டல்ல, பேச்சு. அதே காட்சியில் விதூஷகன் ஃபெஸ்டே பாடும் பாட்டு ஒன்று தனியே உண்டு. இசையமைப்பாளர் டாமஸ் ஆர்ன் 1740இல் ட்ரூரி லேன் அரங்குக்காக ஷேக்ஸ்பியரின் 'அஸ் யூ லைக் இட்' நாடகப் பாடல்களுக்கு மெட்டமைத்தபோது, ஷேக்ஸ்பியர் பாட்டாகவே எழுதியவற்றை எடுத்துக்கொண்டார். ஹைடனின் பாடலோ எதுகையில்லாத செய்யுள் வரிகளில் பிறந்தது. மேடைக்காக அல்ல, வீட்டுப் பியானோவுக்காக எழுதப்பட்டது.

ஹைடன் இங்கிலாந்துக்கு இருமுறை சென்றார்: 1791–92, 1794–95. இசை நிகழ்ச்சி அமைப்பாளர் சாலமன் அழைத்துச் சென்ற முதல் பயணத்தில், ஆங்கில இலக்கணப் புத்தகத்தோடு தனியே காட்டில் நடப்பதாக அவர் கடிதம் எழுதியிருக்கிறார். அறுபதை நெருங்கும் வயதில் கற்ற மொழி அது. 1794இன் முதல் தொகுதிக்கு கவிஞர் ஆன் ஹண்டரின் கவிதைகள் கைகொடுத்தன. இரண்டாவதில் ஷேக்ஸ்பியரும் சேர்ந்தார்.

வயோலாவின் பேச்சு முழுவதும் பாடலில் இல்லை. அவள் உள்ளுக்குள்ளேயே வாடி நிறம் வெளுத்ததைச் சொல்லும் பகுதி விடப்பட்டிருக்கிறது. மொட்டை அரிக்கும் புழு, கல்லறைச் சிற்பம்போல் அமர்ந்த பொறுமை, துயரத்தைப் பார்த்துப் புன்னகைக்கும் முகம்: இவ்வளவே எஞ்சுகின்றன. ஆர்சினோ இல்லை, மாறுவேடம் இல்லை. இந்தக் குறைப்பு நாடகத்துக்கு இழப்பாகலாம். பாடலுக்கு அதுவே உயிர்.

ஏ ஃபிளாட் மேஜரில், மிக மெதுவான 'லார்கோ அஸ்ஸாய்' நடையில் பியானோ முதலில் நெடுநேரம் தனியே ஒலிக்கிறது. பாடலின் சிற்றளவுக்கு இம்முன்னிசை வெகு நீளம். பெண் சொல்லாமல் வைத்ததையெல்லாம் பியானோவிடம் ஒப்படைத்தது ஹைடனின் நுட்பம். குரல் பிறகுதான் நுழைகிறது; அதுவும் பேச்சுக்கு நெருங்கிய குறுந்தொடர்களாக, இடையிடையே நின்று நின்று. பல்லவிபோல் திரும்பி வரும் மெட்டு கிடையாது. கடைசியில் புன்னகையையும் துயரத்தையும் சேர்க்கும் சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அங்கே அவசரப்படும் பாடகர் பாடலையே இழந்துவிடுவார்.

ஷேக்ஸ்பியர் காலத்தில் வயோலாவாக நடித்தது ஒரு சிறுவன். இன்று இப்பாடலைப் பெண்குரலிலும் ஆண்குரலிலும் கேட்கலாம். நெதர்லாந்தின் பாடகி எல்லி அமலிங், யோர்க் டேமுஸின் பியானோவோடு பதிவு செய்திருக்கிறார்.