பனிமனிதனும் அமெரிக்கன் மாவும்: ஒரு சுசீந்திரத்து மார்கழிக் காலை

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம். தோசை சுட்ட கதைதான். ஆனா சுடப் போன இடத்துல கொஞ்சம் வரலாறும் அகப்பட்டுச்சு. கொசுவத்தி சுத்துறது எனக்குப் பிடிக்கும்னு உங்களுக்குத் தெரியுமே :-)

அரையாண்டு லீவு. மார்கழி மாசம். எங்க ஊர் தாணுமாலயன் கோயில்ல பத்து நாள் திருவிழா நடந்துக்கிட்டிருக்கு. விடியக்காலமே மைக்செட்டுல பாட்டு. பக்கத்துத் தெருவுல கிறிஸ்மஸ் ஸ்டார் இன்னும் எரியுது. எங்க மாவட்டத்துல மார்கழின்னா இப்படித்தான், ஒரு காதுல நாதஸ்வரம், ஒரு காதுல கேரல் பாட்டு. இந்த நேரத்துல என் மக செல்போனைத் தூக்கிட்டு வந்து, "அப்பா, இது மாதிரி பண்ணித் தா"ன்னு நிக்கிறா. பார்த்தா, வெளிநாட்டுல யாரோ ஒரு அம்மா பிள்ளைங்களுக்குக் காலைப் பலகாரம் பண்றாங்க. ரெண்டு வட்டத்தை ஒண்ணுமேல ஒண்ணா ஒட்டி, கண்ணும் மூக்கும் வச்சு, மேல சீனிப்பொடியைத் தூவி ஒரு பனிமனிதன். பேன்கேக்காம்.

பனிமனிதன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துட்டு. எங்க ஊர்ல வெயில்மானி 20 டிகிரிக்குக் கீழே இறங்குறதே அபூர்வம். ஜெயமோகன் 'பனிமனிதன்'னு ஒரு சிறுவர் நாவல் எழுதியிருக்கார், அவரும் எங்க மாவட்டத்துக்காரர்தான், ஆனா அந்தக் கதை நடக்கிறது இமயமலைப் பக்கம். நமக்குப் பனின்னா வாழையிலை மேல நிக்கிற தண்ணி, பழையாத்துக் கரையில காலையில கிடக்கிற மூட்டம். தொல்காப்பியம் வருஷத்தை ஆறு பொழுதாப் பிரிக்கும்போது முன்பனி, பின்பனின்னு ரெண்டு பொழுதைப் பனிக்கே கொடுத்திருக்கு. மார்கழியும் தையும் முன்பனி. வானத்துல இருந்து வெள்ளையாக் கொட்டுற சமாச்சாரத்துக்கும் நாம அதே 'பனி'யைத்தான் சொல்றோம். ஆக, பனிக்காலப் பலகாரம்னு மக கேட்டதுல தப்பே இல்லை.

சரின்னு அடுக்களைக்குப் போனா முதல் சிக்கல். மாவு புளிக்கலை. மார்கழியில இது எல்லா வீட்டுலயும் நடக்கிறதுதான். உளுந்தோட ஒட்டி வர்ற லியூக்கோனோஸ்டாக் மாதிரி நுண்ணுயிர்கள் வாயுவை விட்டாத்தான் மாவு பொங்கும். குளிர் கூடினா அதுங்களும் நம்மளை மாதிரி போர்த்திப் படுத்துக்கும். அந்தக் காலத்துல மாவுப் பானையை அடுப்புப் பக்கம் கொண்டு வைப்பாங்க. இப்ப அடுப்பே கேஸ் அடுப்பு, அணைச்சா ஆறிப்போகும்.

அம்மை பின்னால வந்து நின்னா. எழுபதைத் தாண்டியாச்சு, கண்ணு மட்டும் கழுகுக் கண்ணு.

"எடே, மாவு பொங்கலேல்லா. எதுக்கு அதைப் போட்டுக் கிண்டுதே? அமெரிக்கன் மாவு இருக்குல்லா, அதுல கருப்பட்டியக் கரைச்சு ஊத்து."

எங்க அம்மைக்கு இன்னைக்கும் மைதான்னா அமெரிக்கன் மாவுதான். சின்ன வயசுல இருந்து கேட்ட பேர்தான். ஆனா அன்னைக்குத்தான், எதுக்கு இந்தப் பேருன்னு உக்காந்து யோசிச்சேன்.

நாஞ்சில் நாடு நெல்லுக்குப் பேர் போன ஊர். கன்னிப்பூ, கும்பப்பூன்னு ரெண்டு போகம். 1897-ல ஆரம்பிச்சு 1906-ல முடிச்ச பேச்சிப்பாறை அணை வந்த பிறகு தண்ணிக்கும் ஒரு உறுதி கிடைச்சது. ஆனா நெல்லு விளையிற ஊர்ல எல்லார் வீட்டுலயும் அரிசி இருந்துச்சுன்னு நினைச்சுடாதீங்க. அப்ப நாங்க திருவிதாங்கூர் சமஸ்தானம். சமஸ்தானம் மொத்தத்துக்கும் உள்ளூர் அரிசி போதாது, பர்மாவுல இருந்து வரணும். 1942-ல ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடிச்சதும் அந்த வழி அடைஞ்சுபோச்சு. அப்ப கைகொடுத்தது மரச்சீனிக் கிழங்கு. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதைப் பயிர் பண்ணச் சொல்லி ஊக்கம் கொடுத்திருந்தது, அறுபது வருஷம் கழிச்சு உயிர் காத்துச்சு. எங்க ஆச்சி காலத்துல அரிசியும் உளுந்தும் அரைச்சு தோசை சுடுறது தீவாளிக்கும் பொங்கலுக்கும்தான். மத்த நாள் காலையில பழங்கஞ்சி, இல்லைன்னா கிழங்கு. 'காலை டிபன் தோசை'ங்கிறதே பல வீடுகளுக்குப் பிந்தி வந்த வழக்கம்.

அப்புறம் வந்ததுதான் அமெரிக்க மாவு. 1954-ல அமெரிக்காவுல பொதுச் சட்டம் 480-ன்னு ஒண்ணு போட்டாங்க. அவங்ககிட்ட மிஞ்சிக் கிடந்த தானியத்தை மத்த நாடுகளுக்கு டாலர் கேட்காம உள்ளூர்ப் பணத்துக்குக் கொடுக்கிற ஏற்பாடு. 1956-ல இந்தியா ஒப்பந்தம் போட்டது. அதே வருஷம் நவம்பர் 1-ந் தேதிதான் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோட சேர்ந்துச்சு. மழை பொய்த்த 1966-ல மட்டும் சுமார் ஒரு கோடி டன் தானியம் வெளியில இருந்து வந்து இறங்குச்சு, அதுல பெரும்பங்கு கோதுமை. கோதுமையே சரியாப் பார்த்திராத தெக்கத்திக்காரங்களும் ரேஷன் கடையில அதைத்தான் வாங்க வேண்டி வந்துச்சு. பள்ளிக்கூடத்து மத்தியானச் சாப்பாட்டுக்கு கேர் அமைப்பு கொடுத்த பால்பொடி வேற.

அம்மை அப்ப பள்ளிக்கூடம் போற பிள்ளை. "சப்பாத்தி பரத்த யாருக்குத் தெரியும்? கரைச்சுத் தோசைக்கல்லுல ஊத்துனோம்"னு சொன்னா. மாவு, பால்பொடி, கருப்பட்டித் தண்ணி, துளி உப்பு. அரைக்க வேண்டாம், புளிக்க வேண்டாம், குளிர் காலத்துக்குத் தோது. சோடாப்பூ இருந்தா ஒரு சிட்டிகை. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. கோதுமை மாவு, பால், இனிப்பு, சோடா. பேன்கேக்கு வேற என்ன? அறுபது வருஷத்துக்கு முன்னாலேயே சுசீந்திரத்துல பேன்கேக் சுட்டிருக்காங்க, பேர்தான் தெரியலை! மக செல்போன்ல பார்த்து ஆசைப்பட்டது, அவ ஆச்சி பஞ்சத்துல தின்ன பலகாரம். இதை நினைச்சப்ப எனக்குத் தொண்டையில என்னமோ மாதிரி ஆயிட்டு.

சட்டியில சுட்ட வட்டம் நமக்குப் புதுசும் இல்லை. பெரும்பாணாற்றுப்படையில கூவியர்னு அப்பம் விக்கிறவங்க வர்றாங்க. கருத்த சட்டியில பாகு சேர்த்துச் சுட்ட, நூல்நூலா இழையோடின வட்டம் பாலுக்குள்ள கிடக்கிற மாதிரின்னு ஒரு உவமை. இன்னைக்கு ஆப்பத்துல தேங்காய்ப்பால் ஊத்தித் தின்கிற எவனுக்கும் அந்த வரிக்கு உரை வேண்டாம். 12-ஆம் நூற்றாண்டுல சாளுக்கிய ராஜா மூன்றாம் சோமேசுவரன் எழுதின மானசோல்லாசத்துல 'தோசகா' வருது, ஆனா அது பருப்பு மட்டும் அரைச்சுச் சுட்டது. ருஷ்யாவுல குளிர் முடியிற நேரம் மாஸ்லெனித்சான்னு ஒரு வாரம் திருவிழா, வீடு வீடா ப்ளினி சுடுவாங்க. உருண்டையா மஞ்சளா இருக்கிறதால அது சூரியன்னு சொல்லுவாங்க. குளிர்ல நடுங்குற மனுசன் அடுப்புப் பக்கத்துல உக்காந்து வட்டமா ஒண்ணைச் சுட்டுத் தின்கிறது எல்லா ஊர்லயும் ஒண்ணுபோலத்தான் இருக்கு.

சரி, பனிமனிதனுக்கு வருவோம். சின்னக் கரண்டியால ஒரு வட்டம், அதைத் தொட்ட மாதிரி குழிக் கரண்டியால பெரிய வட்டம். தீ சிம்மில இருக்கணும், இல்லைன்னா கருப்பட்டி சட்டுனு கரிஞ்சிடும். முதல் ஆளுக்குத் தலை தனியாப் போச்சு. ரெண்டாவது ஆள் சட்டியிலேயே ஒட்டிக்கிட்டான். மூணாவது தேறினான். கண்ணுக்கு ரெண்டு உலர்ந்த திராட்சை, மூக்குக்குக் கேரட் சீவல். சீனிப்பொடி தேடினேன். "எதுக்குச் சீனி? தேங்காப்பூவ அள்ளித் தூவு"ன்னா அம்மை. துருவின தேங்காயைப் பூன்னு சொன்ன மகராசன் யாரோ, அவனுக்கு ஒரு கும்பிடு. தூவினதும் அசல் பனி!

மக கைதட்டிச் சிரிச்சா. அம்மை தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "என்னத்த உருவம் புடிச்சிருக்கே? நாங்கல்லாம் கொழுக்கட்டையில..."ன்னு ஆரம்பிச்சவ, என் முகத்தைப் பார்த்ததும் டக்குனு நிறுத்திட்டா.

ஏன் நிறுத்தினான்னு நாஞ்சில் நாட்டுக்காரங்களுக்குத் தெரியும். மத்தவங்களுக்காகச் சொல்றேன். எங்க பக்கம் ஔவையார் நோன்புன்னு ஒண்ணு உண்டு. தாழக்குடி, முப்பந்தல், குறத்தியறை ஊர்கள்ல ஔவையாருக்குக் கோயிலே இருக்கு. ஆடி, தை, மாசி செவ்வாய்க்கிழமை ராத்திரி, ஆம்பிளைங்க தூங்கின பிறகு பொம்பளைங்க மட்டும் ஒரு வீட்டுல கூடி, பச்சரிசி மாவுல உப்பில்லாம விதவிதமான உருவத்துல கொழுக்கட்டை பிடிச்சு அவிப்பாங்க. 'அசந்தால் ஆடி, தப்பினால் தை, மறந்தால் மாசி'ன்னு வசனமே உண்டு. அதை ஆம்பிளை பார்க்கக் கூடாது, திங்கக் கூடாது. கைக்குழந்தையானாலும் ஆணுன்னா வெளியே. விடியிறதுக்குள்ள எல்லாத்தையும் தின்னு தீர்த்துடுவாங்க. சின்ன வயசுல நான் போர்வைக்குள்ள கண்ணை மூடாம கிடந்திருக்கேன். வளையல் சத்தமும் சிரிப்பும் கேட்கும். அம்புட்டுத்தான் நமக்குக் கிடைச்சது.

இங்கதான் எனக்கு ஒண்ணு உறைச்சது. எங்க கோயிலைப் பத்தி கே.கே.பிள்ளை 1953-ல ஒரு பெரிய புத்தகமே எழுதியிருக்கார். கல்வெட்டு, நிர்வாகம், திருவிழா எல்லாம் உண்டு. கொதிக்கிற நெய்யில கையை முக்கி உண்மை பொய் பார்த்த கைமுக்கு வழக்கமும், சுவாதித் திருநாள் காலத்துல அது நின்னதும் பதிவாகியிருக்கு. மார்கழித் தேர் ஓடுற இதே தெருவுல எல்லாச் சாதிக்காரங்களும் நடக்கணும்னு 1926-லயும் 1930-லயும் சத்தியாகிரகம் நடந்ததும், 1936 நவம்பர் 12-ந் தேதி ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்ததும் பதிவாகியிருக்கு. அதுவரைக்கும் இந்தத் தெருவுக்குள்ளேயே கால் வைக்க முடியாதவன், திருவிழாக் கடைப் பலகாரத்தை எங்க கண்டான்? அது போராடி வாங்கின உரிமை, எழுதி வச்சாங்க.

ஆனா ராத்திரி அடுக்களையில எந்த உருவம் பிடிச்சாங்கன்னு எந்தக் கல்லுலயும் இல்லை. கல்லுல வெட்டினவனும் ஆம்பிளை, படிச்சு எழுதினவனும் ஆம்பிளை, இப்ப தட்டச்சிட்டு இருக்கிறவனும் ஆம்பிளை. எங்க தெருவுல நோன்பு பிடிக்கிற வீடுகளும் குறைஞ்சுக்கிட்டே வருது. அம்மைக்குப் பிறகு எங்க வீட்டுல யாரு? என் தங்கச்சி வெளியூர்ல. எனக்கு ஒரே மக. அவளுக்குத் தெரிஞ்ச பனிக்கால உருவம் இப்போதைக்குப் பனிமனிதன் ஒண்ணுதான்.

நான் கேட்டுப் பார்த்தேன். "அம்மா, நான் வரலை, பாக்கவும் வேண்டாம். வாயால சொல்லு, எழுதி வச்சுக்கிடுதேன்."

"அது எழுதி வைக்கிற காரியமில்லே மக்கா. கைதான் படிக்கணும்"னு சொல்லிட்டு, பேத்தியைப் பார்த்துக் கேட்டா: "பிள்ளே, தை மாசம் ஆச்சிகூட ஒருநா ராத்திரி முழிச்சிருப்பியா?"

மக என்னைப் பார்த்தா. நான் நாலாவது பனிமனிதனைத் திருப்பிப் போடுறதுல மும்முரமா இருந்த மாதிரி நடிச்சேன்.

தை பிறந்தது. ஒரு செவ்வாய் ராத்திரி பத்து மணிக்கு, ஆச்சியும் பேத்தியும் தேங்காயும் மாவுமாக் கிளம்பி எதிர்வீட்டுக்குப் போனாங்க. நான் வழக்கம்போலப் போர்வைக்குள்ள. அதே வளையல் சத்தம், அதே சிரிப்பு, அதுல புதுசா ஒரு கீச்சுக் குரல். எப்ப தூங்கினேன்னு தெரியலை.

காலையில பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னும்போது மெதுவாக் கேட்டேன்: "நேத்து என்ன மக்களே உருவம் பிடிச்சே?"

"ஆம்பிளைங்ககிட்ட சொல்லப்பிடாதுப்பா."

ஒரு நிமிஷம் கழிச்சு, அவளே, "ஆனா ஒண்ணு பனிமனுசன். ஆச்சி திட்டலை"ன்னா.

இதுக்கு மேல எனக்குத் தெரியாது மக்களே. தெரிஞ்சுக்கிடவும் கூடாதாம் :-)

உங்க ஊர்ல மார்கழி, தை குளிருக்கு என்ன பலகாரம்? வீட்டுல பெரியவங்க இருந்தா இன்னைக்கே கேட்டு வச்சுக்குங்க. அமெரிக்கன் மாவுத் தோசை தின்னவங்க யாராவது இருந்தா கையைத் தூக்குங்க, நாம ஒரு கட்சி.