வேண்டாத ராஜா

1968 கடைசியில் ஐந்தாம் ஜார்ஜை டெல்லி இந்தியா கேட் அருகிலிருந்து இறக்கினார்கள். சுதந்திரம் வந்து இருபத்தோரு வருடம் ஓடியிருந்தது. அத்தனை காலமும், தலையில் கிரீடமும் தோளில் பட்டாபிஷேக அங்கியுமாக அந்தப் பளிங்கு ராஜா நம் குடியரசு தின அணிவகுப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். டெல்லிக்கு அவர்மேல் பாசம் ஒன்றும் இல்லை. கழற்றிவிடத்தான் பார்த்தார்கள், வாங்கிக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை.

சிலையைச் செதுக்கியவர் சார்ல்ஸ் சார்ஜென்ட் ஜேகர். மேலே 73 அடி உயரத்துக்கு எழும்பும் சத்ரியை, அதாவது குடை மண்டபத்தை, வரைந்தவர் கட்டடக் கலைஞர் லட்யன்ஸ். செலவு கபூர்தலா மகாராஜாவுடையது. 1936இல் ராஜா காலமான கையோடு எழுந்த நினைவுச் சின்னம் இது. மாமல்லபுரத்து மண்டபம் ஒன்றைப் பார்த்துத்தான் லட்யன்ஸ் இதை வரைந்தார் என்று ஒரு பேச்சு உண்டு. இந்தியக் கட்டடக் கலையைப் பற்றி அந்த மனிதர் உதிர்த்த ஏளனங்களைப் படித்தவர்களுக்கு இதை நம்பக் கொஞ்சம் சிரமமாக இருக்கும்.

1965 ஆகஸ்டில், சுதந்திர தினத்துக்கு இரண்டு நாள் முன்பு, சம்யுக்த சோஷலிஸ்ட் கட்சிக்காரர்கள் சிலர் வந்தார்கள். காவலுக்கு நின்ற இரண்டு கான்ஸ்டபிள்களை மடக்கிவிட்டுச் சிலைமேல் தாரைப் பூசினார்கள். கிரீடம், மூக்கு, ஒரு காது எல்லாம் சேதம். போகும்போது சுபாஷ் சந்திர போஸின் படம் ஒன்றை அங்கே வைத்துவிட்டுப் போனார்கள்.

மூக்கறுபட்ட ராஜாவை இனி அங்கே வைத்திருப்பது அரசாங்கத்துக்கே சங்கடம். உங்கள் ராஜாவை நீங்களே கொண்டுபோங்கள் என்று பிரிட்டனிடம் கேட்டுப் பார்த்தார்கள். வைக்கத் தோதான இடமும் இல்லை, பணமும் இல்லை என்றது லண்டன். டெல்லியிலேயே இருக்கும் பிரிட்டிஷ் ஹைகமிஷன், எங்கள் வளாகத்தில் இடம் போதாது என்று கைவிரித்தது. சொந்த பாட்டனாரின் சிலையைப் பேத்தி எலிசபெத்தின் அரசே ஏற்கவில்லை! சரி, ஊருக்குள்ளேயே ஒரு பூங்காவில் வைக்கலாம் என்றால் ஜனசங்கம் எதிர்த்தது. கடைசியில் இறக்கி, கொஞ்ச நாள் கிடங்கில் போட்டு, பிறகு நகரின் வடகோடியில் புராரி சாலையோரம் உள்ள கொரோனேஷன் பார்க்கில் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

சென்னைக்கு இந்தச் சிலை இறக்கும் வேலை கைவந்தது. 1857இல் வெறியாட்டம் ஆடிய கர்னல் நீலின் சிலை மவுண்ட் ரோட்டில் நின்றது. அதை எடுக்கச் சொல்லி 1927இல் சத்தியாக்கிரகம் நடந்தது. 1937இல் ராஜாஜி ஆட்சிக்கு வந்ததும் எடுத்துவிட்டார்கள். இன்று நீல் இருப்பது எழும்பூர் அருங்காட்சியகத்தில். தீவுத்திடலில் குதிரைமேல் இருக்கும் மன்றோவை மட்டும் யாரும் தொடவில்லை. ரயத்துவாரி நிலவரி முறையைக் கொண்டுவந்த மன்றோமேல் ஜனங்களுக்குக் கோபம் இல்லை. டெல்லி ஜார்ஜை இறக்கிய அதே 1968இல்தான், உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி மெரினாவில், தமிழுக்கு உழைத்த ஜி.யூ.போப்பையும் கால்டுவெல்லையும் வீரமாமுனிவரையும் நாம் புதிதாக ஏற்றி வைத்தோம். வெள்ளைக்காரன் என்பது அல்ல, என்ன செய்தான் என்பதுதான் இங்கே கணக்கு. டெல்லியில் அந்தக் கணக்கைப் போட ஆளில்லை. ராஜாவோடு ஹார்டிங், வில்லிங்டன் முதலான வைஸ்ராய்களையும் ஒரே மூட்டையாகக் கட்டி வடக்கே அனுப்பிவிட்டார்கள். வங்கப் பிரிவினையை ரத்து செய்த காலத்து வைஸ்ராய்க்கும், காந்தியைச் சிறையில் அடைத்த காலத்து வைஸ்ராய்க்கும் ஒரே செம்மண் நிறப் பீடம்.

ராஜாவுக்குக் கொரோனேஷன் பார்க்கைத் தேர்ந்தெடுத்தவருக்குக் குறும்பு இருந்ததா, அல்லது காலி நிலம் அதுதானா, தெரியாது. 1877லும் 1903லும் 1911லும் தர்பார்கள் நடந்த மைதானம் அது. முதல் இரண்டுக்கும் ராஜ குடும்பத்துத் தலை நேரில் வரவில்லை. 1911 டிசம்பர் 12 அன்று ஜார்ஜே வந்து உட்கார்ந்து, தலைநகர் இனி கல்கத்தா அல்ல, டெல்லி என்று அறிவித்தார். மூன்று நாள் கழித்துப் புது நகருக்கு அடிக்கல்லும் நாட்டினார். பிற்பாடு நிபுணர்கள் வந்து பார்த்து, இந்த இடம் சரிப்படாது, தெற்கே ரைசினா மேடுதான் தோது என்றார்கள். ராஜா நாட்டிய கற்களைப் பெயர்த்துத் தெற்கே கொண்டுபோனார்கள். அந்த வேலையைச் செய்தவர் தன் அப்பா சோபா சிங் என்று எழுத்தாளர் குஷ்வந்த் சிங் எழுதியிருக்கிறார். கல் தெற்கே போனது. அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து, கல் நாட்டியவர் வடக்கே வந்தார்.

சத்ரி 54 வருடம் காலியாகவே கிடந்தது. காந்தியை வைக்கலாம் என்று யோசனை வந்தது. ராஜாவின் குடைக்கீழ் காந்தியா என்று மறுப்பும் வந்தது. இரண்டுக்கும் நியாயம் இருந்ததால் ஒன்றும் நடக்கவில்லை. 2022 செப்டம்பர் 8 அன்று அங்கே 28 அடி உயரக் கருங்கல் சிலை திறக்கப்பட்டது. கல் தெலங்கானாவிலிருந்து வந்தது. செதுக்கிய குழுவுக்குத் தலைமை மைசூரு சிற்பி அருண் யோகிராஜ். சிலையில் இருப்பவர் சுபாஷ் சந்திர போஸ். சோஷலிஸ்டுகள் படத்தை வைத்துவிட்டுப் போனது 57 வருடம் முன்பு.