பறை கோயிலுக்குள் வந்துவிட்டது, சரி; அடித்தவர் வந்தாரா?

கலை என்பது கடவுளுக்குச் செலுத்தும் காணிக்கை என்று தமிழ்நாட்டின் எல்லாத் திருச்சபைகளும் இன்று சொல்கின்றன. நவம்பரில் வரும் தலித் விடுதலை ஞாயிறன்று பல கோயில்களில் பீடத்துக்கு அருகிலேயே பறை முழங்குகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வரலாறு தெரியாமல் அந்த முழக்கத்தைக் கேட்டால் பாதிதான் காதில் விழும். யாருடைய கலை காணிக்கையாக ஏற்கப்பட்டது, யாருடைய கலை வாசலிலேயே நிறுத்தப்பட்டது என்பதை நாம் கேட்டாக வேண்டும்.

1829-ல் இருந்து தொடங்குவோம். தஞ்சையில் வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) இருந்தார். சரபோஜி மன்னரின் ஆதரவு பெற்ற கவிஞர், 'பெத்லகேம் குறவஞ்சி' பாடியவர், வேளாளக் கிறிஸ்தவர். புதிதாக வந்த மிஷனரிகள் செய்த நான்கு கொடுமைகள் என்று அவர் ஒரு பட்டியல் போட்டார். பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள், பண்டிகைகளில் பூக்களை விலக்குகிறார்கள், தமிழ்ப் பாட்டை ஆராதனையிலிருந்து நீக்குகிறார்கள் என்பவை அவற்றில் மூன்று. இன்னொன்று, சபையில் சாதிகளை வலுக்கட்டாயமாக ஒன்றாகக் கலக்கிறார்கள் என்பது.

அந்தப் பட்டியலை நிதானமாகப் படித்துப் பாருங்கள். பாட்டும் பூவும் தனி வரிசையும் ஒரே மரபாக அவருக்குத் தெரிந்திருக்கின்றன. ஐரோப்பியர் தம் பண்பாட்டைத் திணிக்கிறார்கள் என்ற அவரது கோபத்தில் நியாயம் உண்டு. நம் மொழியில், நம் பண்ணில் கடவுளைப் பாடுவது நம் உரிமைதான். ஆனால் அந்த 'நம்' என்ற சொல்லுக்குள் சேரி மக்கள் இல்லை. 1833-ல் ஆயர் டேனியல் வில்சன் சபையில் சாதி கூடாது என்று சுற்றறிக்கை விட்டபோது வேளாளக் கிறிஸ்தவர் பலர் வெளியேறினார்கள். பின்னர் சாதியைப் பெரிதாகக் கண்டிக்காத லுத்தரன் மிஷனில் போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு.

அந்த நான்கில் பாட்டும் பூவும் பிறகு திரும்பி வந்தன. கீர்த்தனைகள் ராக தாளக் குறிப்போடு பாட்டுப் புத்தகத்தில் ஏறின. ஆர்மோனியம் வந்தது, ஆர்கன் வந்தது. பறை மட்டும் வரவில்லை. மிஷனரி அதைப் பேய் வழிபாட்டின் கருவி என்றார். ஆதிக்க சாதிக் கிறிஸ்தவர் அதைத் தீட்டு என்றார். சபையில் பெருந்தொகையாக இருந்த ஒடுக்கப்பட்ட மக்களின் தாளம், அவர்கள் கும்பிடும் இடத்துக்கு வெளியிலேயே கிடந்தது.

இந்த இடத்தில் நாம் அவசரப்படக் கூடாது. பறையை முதலில் கீழே வைத்தவர்களில் நம் பாட்டன் பூட்டன்களும் உண்டு. சாவுக்கு அடி, திருவிழாவுக்கு அடி, ஊருக்குச் சேதி சொல்ல அடி என்பது ஊர்க் கட்டளை. மறுத்தால் உதை, செய்தால் கொஞ்சம் தானியம். அதில் எவ்வளவு திறமை இருந்தாலும் அது கட்டாய ஊழியம்தான். மதம் மாறியவர்கள் 'இனி அடிக்க மாட்டோம்' என்று சொன்னது ஒரு கலையைத் துறந்ததாக ஆகாது. ஓர் அடிமைத்தனத்தைத்தான் துறந்தார்கள். இன்றும் பறையைத் தொட மறுக்கும் ஊர்கள் உண்டு. அந்த மறுப்புக்கு நாம் தலைவணங்குகிறோம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962-65) பிறகு கத்தோலிக்கத் திருச்சபை மக்களின் மொழிக்கும் பண்பாட்டுக்கும் கதவைத் திறந்தது. ஆனால் 'இந்தியப் பண்பாடு' என்று உள்ளே வந்தவை எவை? குத்துவிளக்கு, ஆரத்தி, கர்நாடக இசை, பரதநாட்டியம். பண்பாட்டுமயமாக்கல் என்ற பெயரில் மேல்சாதிப் பண்பாடே இந்தியப் பண்பாடு ஆனது. 1981-ல் பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் ஆற்றிய உரை, இந்திய இறையியலின் இந்த மேல்சாதி மையத்தைக் கேள்விக்கு உட்படுத்தியது. தலித் இறையியல் என்ற பெயர் பரவியது அதன் பிறகுதான்.

அந்தக் கேள்வியைப் பாட்டாக்கியவர் ஒருவர் மதுரையில் இருந்தார். அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஜே. தியோஃபிலஸ் அப்பாவு (1940-2005). மாணவர்களுக்கு அவர் 'பரட்டை அண்ணன்'. கர்நாடக இசையும் மேற்கத்திய இசையும் அறிந்தவர். ஆனாலும் கும்மி, ஒப்பாரி, தெம்மாங்கு மெட்டுகளில், பேச்சுத் தமிழில் வழிபாட்டுப் பாடல்கள் இயற்றினார். முழு ஆராதனை முறையையே 'கிராமிய இசை வழிபாடு' என்று நாட்டுப்புற இசையில் அமைத்தார். கடவுளை ஆணாகவும் பெண்ணாகவும் பிரிக்காமல் 'பெத்தவரே' என்று கூப்பிட்டார். ஒரே உலையில் பொங்கி எல்லோரும் சேர்ந்து உண்பதை நற்கருணையின் பொருளாகச் சொன்னார். தீண்டாமை முதலில் சோற்றுப் பானையில்தான் காவல் வைக்கிறது என்பதை அறிந்தவர்களுக்கு இது வெறும் உவமையாகத் தெரியாது.

அவர் செய்தவற்றுள் நாம் முக்கியமாகப் படிக்க வேண்டியது ஒன்று உண்டு. கர்நாடகக் கீர்த்தனையைச் சரியாகப் பாடப் பயிற்சி வேண்டும். தவறினால் திருத்த ஒரு வித்வான் இருப்பார். நாட்டுப்பாட்டு அப்படி இல்லை. களை எடுக்கும் பெண் அதில் ஓர் அடி சேர்க்கலாம், ஒரு சொல்லை மாற்றலாம். அப்படி மாற்றும்போது பாட்டு அவளுடையது ஆகிறது. அப்பாவு தம் பாடல்களை மக்கள் இப்படி மாற்றிப் பாட வேண்டும் என்றே விரும்பினார். படைப்பது வழிபாடு என்றால், எழுதப் படிக்கத் தெரியாதவரும் படைப்பவராக இருக்க வேண்டும். கேட்டுவிட்டு 'ஆமென்' சொல்வதோடு அவர் வேலை முடிந்துவிடக் கூடாது. அவரிடம் படித்த மாணவர்கள் போதகர்களாகப் போன ஊர்களுக்கெல்லாம் அந்தப் பாடல்களும் போயின.

1998-ல் வெளிவந்த நூலில் சத்தியநாதன் கிளார்க் இன்னும் ஒரு படி மேலே போனார். பறையர் மக்களின் பறையைக் கொண்டே கிறிஸ்துவைப் புரிந்துகொள்ள முடியும் என்றார். திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா உருவாக்கிய சக்திக் கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையைத் தோளில் மாட்டினார்கள். ஆண்கள் மட்டுமே அடிக்க வேண்டும் என்ற வழக்கமும் அங்கே உடைந்தது. ஊர் 'அடி' என்று சொன்னதற்காக அடித்த கையும், தானே விரும்பி அடிக்கும் கையும் ஒன்றல்ல. கருவி அதே கருவிதான்; அதே தோல்தான், அதே நெருப்பில் காய்ச்சித்தான் சுதி ஏற்றுகிறோம். மாறியது அடிப்பவரின் விருப்பம். விருப்பம் இல்லாத இடத்தில் காணிக்கை இல்லை, வழிபாடும் இல்லை.

ஆகவே இன்று பீடத்தருகே பறை கேட்கும்போது நாம் கை தட்டலாம். தட்டிவிட்டுச் சில கேள்விகளும் கேட்க வேண்டும். அடித்த தோழருக்குப் பங்குப் பேரவையில் இடம் உண்டா? தேர்ப்பவனி அவர் தெருவுக்குள் வருகிறதா? அவர் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் எந்தக் கல்லறையில் புதைப்பார்கள்? திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களையும் சாதியால் பிரித்த சுவரை நாம் மறந்துவிடவில்லை. 2008-ல் விழுப்புரம் மாவட்டம் இறையூரில் தனிப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கர்கள் தாக்கப்பட்டதையும் மறக்கவில்லை. பறையை ஏற்றுக்கொண்டு பறை அடித்தவரை விலக்கி வைத்தால், அது 1829-ன் பட்டியலைப் புது மெட்டில் பாடுவதுதான்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் ஊர்ச் சபையில் பாட்டிகளுக்குத் தெரிந்த பாடல்களைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். பாடியவர் சம்மதித்தால் அவர் பெயரோடு எழுதி வையுங்கள். கீர்த்தனை எழுதியவர்களின் பெயர்கள் புத்தகத்தில் அச்சாகி இருக்கின்றன. வயலில் நின்று பாடிச் சேர்த்தவர்களின் பெயர்களை நாம்தான் எழுத வேண்டும். பிறகு அந்தப் பாட்டோடும் அந்தப் பாட்டியோடும் சேர்ந்து கோயிலுக்குப் போங்கள். முன்வரிசையில் உட்காருங்கள்.