பிரபலமானதெல்லாம் ஆதாரம் ஆகுமா? ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அல்ஹம்துலில்லாஹ், அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் நம் வீட்டுப் பிள்ளைகளும் முதுகலை, முனைவர் பட்டம் என்று முன்னேறி வருகிறார்கள். நம் ஊர்களின் வரலாறு, பழைய பள்ளிவாசல்கள், இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் ஆகியவற்றையே ஆய்வுக்கு எடுப்பவர்களும் உண்டு. ஆனால் விழா மலர், மேடைப் பேச்சு, யூடியூப் காணொளி, வாட்ஸ்அப் செய்தி ஆகியவற்றை ஆதாரமாகக் காட்டினால் நெறியாளர் ஏற்பதில்லை. "நம் வரலாற்றையே மறுக்கிறார்களே" என்று பெற்றோர் வருந்துகிறார்கள். அங்கே மறுக்கப்படுவது நாம் காட்டிய ஆதாரம்தான். அறிஞர்களின் ஆய்வு நூல் எது, பொதுமக்களுக்காக எழுதப்பட்ட ஜனரஞ்சக எழுத்து எது என்று பிரித்தறிந்தால் இந்த வருத்தம் வராது.

பாலவனத்தம் ஜமீன்தார் பற்றிய செய்திகள்

பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் (1867-1911) பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் செய்தி ஒன்று உண்டு. ஸ்காட் என்ற ஆங்கிலேயர், எதுகை சரியில்லை என்று திருக்குறளின் சொற்களைத் தம் விருப்பப்படி மாற்றி அச்சிட்டாராம். தேவர் அந்தப் பிரதிகளை எல்லாம் விலைக்கு வாங்கி அழித்துவிட்டாராம். எரித்தார் என்பார் சிலர், புதைத்தார் என்பார் சிலர்.

மேடைக்கு இது போதும். ஆய்வேட்டில் எழுதுவதாக இருந்தால், இதை முதலில் எழுத்தில் பதிவு செய்தவர் யார், அவர் நேரில் கண்டவரா, கேட்டு எழுதியவரா, எந்த ஆண்டில் எழுதினார் என்று தேட வேண்டும்.

அதே தேவர் 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். 1902இல் அச்சங்கத்தின் 'செந்தமிழ்' இதழ் தொடங்கியது. 'நான்காம் தமிழ்ச் சங்க நக்கீரர்' என்று போற்றப்பட்ட நாகூர் குலாம் காதிறு நாவலர் (1833-1908) அச்சங்கப் புலவர்களில் ஒருவர். சங்கத்தின் பணியை அறிய அந்தக் கால இதழ்களையே எடுத்துப் படிக்கலாம். ஒரே மனிதரைப் பற்றிய செய்திகள்தான். ஆனால் ஒன்றுக்கு வாய்வழிப் புகழ் துணை, மற்றொன்றுக்கு அச்சில் உள்ள சான்று துணை.

நம் இமாம்கள் காட்டிய வழி

இந்த அளவுகோல் நமக்குப் புதிதல்ல. தீயவன் ஒருவன் செய்தி கொண்டுவந்தால் அதைத் தீர விசாரியுங்கள் என்று அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் கட்டளையிடுகிறது. ஹதீஸ் கலை அறிஞர்கள் வாசகத்தின் அழகில் மயங்காமல், அதை அறிவிப்பவர் யார், அவர் யாரிடம் கேட்டார் என்று அறிவிப்பாளர் தொடரை ஆராய்ந்தார்கள்.

கல்விக்காகச் சீனா வரை சென்றாலும் செல்லுங்கள் என்ற கருத்தில் ஒரு வாசகம், கல்வி விழாக்களில் ஹதீஸாகச் சொல்லப்படுகிறது. இமாம் பைஹகீ அதைப் பற்றி, வாசகம் பிரபலமானது, தொடர் பலவீனமானது என்ற கருத்தில் தீர்ப்பளித்தார். இப்னுல் ஜவ்ஸீ, இட்டுக்கட்டப்பட்ட செய்திகளைத் தொகுத்த தமது நூலில் அதைச் சேர்த்தார். அதனால் கல்வியின் சிறப்பு குறைந்துவிடவில்லை. கல்வி தேடுவது கடமை என்ற கருத்துள்ள ஹதீஸ் இப்னு மாஜாவில் பதிவாகியுள்ளது. பிரபலம் வேறு, பலம் வேறு என்பதே இதில் நமக்குள்ள பாடம்.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. எழுதியவர் யார்? அந்தத் துறையில் பயின்று ஆய்வு செய்தவரா? நல்ல மருத்துவர் நல்ல வரலாற்று ஆசிரியராகவும் இருக்க வேண்டும் என்பதில்லை.

2. ஆதாரம் காட்டுகிறாரா? அடிக்குறிப்பு, நூற்பெயர், பக்க எண் இருந்தால் நாமே எடுத்துச் சரிபார்க்கலாம். "வரலாற்று ஆசிரியர்கள் கூறுகிறார்கள்" என்று மட்டும் இருந்தால் அது ஆதாரமாகாது.

3. அச்சுக்கு முன் பரிசோதித்தவர் யார்? ஆய்விதழுக்கு வரும் கட்டுரையை, அதே துறை அறிஞர்களிடம் அனுப்பிக் கருத்துக் கேட்பார்கள். திருத்தச் சொல்வார்கள், நிராகரிக்கவும் செய்வார்கள். வார இதழில் ஆசிரியர் குழு பார்க்கும். வாட்ஸ்அப் செய்தியை யாரும் பார்ப்பதில்லை.

4. யாருக்காக எழுதப்பட்டது? எல்லாருக்கும் புரிய எழுதும்போது, மாற்றுக் கருத்துகளையும் ஐயங்களையும் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். ஆய்வு நூலில் அவற்றுக்கும் பதில் இருக்க வேண்டும்.

5. எந்த ஆண்டு, எந்தப் பதிப்பு? பின்னர் கிடைத்த கல்வெட்டோ சுவடியோ பழைய முடிவை மாற்றியிருக்கலாம்.

பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்

'சர்வதேச ஆய்விதழ்' என்று பெயர் சூட்டிக்கொண்டு, பணம் கட்டினால் சில நாள்களிலேயே கட்டுரையை வெளியிடுபவர்களும் இருக்கிறார்கள். ஐ.எஸ்.எஸ்.என். எண் இருக்கிறதே என்று நம்பிவிடக் கூடாது. அது இதழை அடையாளம் காட்டும் எண்தான், தரச் சான்று இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு வைத்திருந்த 'கேர்' என்ற இதழ்ப் பட்டியலும் 2025இல் கைவிடப்பட்டது. எனவே இதழின் தரத்தை நெறியாளரிடம் கேட்டுத் தெளிவது அவசியம். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளை 'சோத்கங்கா' தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். அவையும் தரத்தில் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதால் மேற்கண்ட கேள்விகளை அங்கும் கேட்க வேண்டும்.

விழா மலரைத் தூக்கி எறியலாமா?

கூடாது. ஜனரஞ்சக எழுத்து, தேடலுக்கு வழிகாட்டும். விக்கிப்பீடியாவைப் படித்தால், அதன் அடிக்குறிப்பில் உள்ள நூலைத் தேடிப் போக வேண்டும். சில வேளை ஜனரஞ்சக எழுத்தே மூலச் சான்றாகவும் ஆகும். பா. தாவூத் ஷாவின் 'தாருல் இஸ்லாம்' மக்களுக்காக நடத்தப்பட்ட பத்திரிகை. அந்தக் காலத் தமிழ் முஸ்லிம்கள் எதைப் பற்றி விவாதித்தார்கள் என்று ஆராய்பவருக்கு அது நேரடிச் சான்று. அதில் சொல்லப்பட்ட ஒவ்வொரு வரலாற்றுச் செய்தியும் சரியானது என்பதற்கு அது சான்றாகாது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் உள்ள பழைய பத்திரங்கள், ஜமாஅத் கணக்கேடுகள், அரபுத்தமிழ் ஏடுகளைப் பழைய காகிதத்தோடு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். நம் பிள்ளைகளின் ஆய்வுக்கு அவையே மூலச் சான்றுகள். பலவீனமான ஆதாரத்தோடு நாம் பேசினால், நம்மிடமுள்ள உண்மையும் சேர்ந்து சந்தேகத்துக்கு உள்ளாகிவிடும்.

உறுதியானதைத் தேடிப் படிக்கவும், உண்மையை எழுதவும் நம் பிள்ளைகளுக்கு வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.