பாரதக் களத்தில் இளம் இசைவாணர்

தொண்டை நாட்டிலே, காஞ்சி மாநகரைச் சூழ்ந்த ஏனாத்தூர், உத்திரமேரூர் முதலிய ஊர்ப்புறங்களிலே, பாரதம் ஏட்டில் மட்டும் வாழ்வதன்று, களத்திலும் வாழ்வது. திரௌபதி அம்மன் ஆலயங்களில் பாரத விழா நிகழுங்கால், பகலில் வில்லிபுத்தூரார் பாரதத்தைத் தழுவிய பிரசங்கமும், இரவில் அக்கதையையே நடித்துக் காட்டும் கட்டைக்கூத்தும் நடைபெறும். பண்டு நிகழ்ந்ததைக் கண்முன் மீண்டும் நிகழ்விக்கும் இத்திருப்பணியில், வேடம் புனைந்தாரை அனைவரும் அறிவர். பின்னே அமர்ந்து இசைப்பாரை அறிவார் சிலரே.

இவ்வழக்கின் வேர் பழமையானது. காஞ்சிக்கு அண்மையிலுள்ள கூரத்தில் கிடைத்த செப்பேடுகள், 7-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட பல்லவ வேந்தன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தவை. கோயிலுக்கு விடப்பட்ட நிவந்தத்தில் ஒரு பங்கு, அங்குள்ள மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென அவற்றில் ஒதுக்கப்பெற்றுள்ளது. பூசைக்கும் புதுக்குப்புறத்திற்கும் பொருள் வைத்த அரசன், பாரதத்தைச் சொல்லும் நாவிற்கும் பொருள் வைத்தான்.

கூத்துக்குரிய இசைக்கருவிகள் மிருதங்கம், டோலக்கு, முகவீணை, ஆர்மோனியம், தாளம் என்பன. வேடதாரி வருமுன்னரே இவை முழங்கிக் களரி கட்டும். திரைக்குப் பின் நின்று பாடும் அரசனது வீறும், துகில் பற்றப்பட்ட தேவியின் அவலமும் முதலில் செவிக்கே எட்டுகின்றன. முகவீணையோ நாகசுரத்தினும் மிகச் சிறிய குழல். அதன் குரலோ கூர்மையானது. பாடுவோன் குரலை நிழல்போல் தொடர்ந்து, அவன் மூச்சு வாங்கும் இடத்தைத் தான் நிரப்பி, விடியுமளவும் ஊதுதல் எளிய காரியமன்று.

இக்கலையை இளைஞர் ஏடு கொண்டு கற்றிலர். மூத்தோர் அருகிருந்தே கற்றனர். தாளம் தட்டியும் பின்பாட்டுப் பாடியும் இரவுகள் பலவற்றைக் கழித்த சிறுவனுக்கு, எவ்விடத்தில் அடி மாறும், எவ்விடத்தில் இசை அடங்கும் என்பது தானே படியும்.

அவ்வறிவு சோதிக்கப்படும் இடம் படுகளம். பகலவன் ஒளியிலே, மண்ணால் அமைந்த துரியோதனன் பேருருவம் நிலத்திற் கிடக்க, வீமன் அவன் தொடையைப் பிளப்பான். பாஞ்சாலி விரித்த கூந்தலை முடிப்பாள். காண்போர் சிலர் ஆவேசமுற்று ஆடுவர். சிலர் கண்ணீர் உகுப்பர். அப்போது முழவு ஒரு கணம் முந்தினும் பிந்தினும் காட்சி சிதையும். கூட்டம் முழுவதும் தன்னை மறந்து நிற்கையில், தன்னை மறவாது நிற்க வேண்டியவன் அவ்விளம் இசைவாணன் ஒருவனே. அதுவும் ஒரு தவமே.

இத்தவத்திற்கு ஈடாகப் பிள்ளைகள் பெரும்பாலும் இழந்தது பள்ளிப் படிப்பு. இரவெல்லாம் களத்தில் இருந்தவன் காலையில் வகுப்பில் அமர்தல் எங்ஙனம்? பத்து வயதிலேயே களம் புகுந்து, பள்ளியை விட நேர்ந்த கூத்துக் கலைஞர் பெ. இராசகோபால், இக்குறையை நன்கு உணர்ந்தவர். 1990-இல் தோன்றிய கட்டைக்கூத்துச் சங்கத்தின் வழியே, ஹன்னே டி புருயினுடன் இணைந்து, காஞ்சிக்கு அருகே புஞ்சரசந்தாங்கலில் அவர் நடத்திய குருகுலம் 2002 முதல் 2020 வரை நிலவிற்று. பள்ளிக் கல்வியும் கூத்துப் பயிற்சியும் அங்கே ஒருங்கே அளிக்கப்பெற்றன. ஆடவர்க்கே உரியதாயிருந்த இக்கலையைப் பெண் மக்களும் அங்கே பயின்றனர். குருகுலம் மூடப்பெற்றது, ஆயினும், கல்வியும் கலையும் ஒன்றையொன்று விழுங்க வேண்டுவதில்லை என்பதை அது நிறுவிச் சென்றது.

இன்று முகவீணை ஊதுவோர் அருகி வருகின்றனர். கோபுரம் பழுதுற்றால் கல்லும் சுதையும் கொண்டு புதுப்பிக்கலாம். அறுபட்ட இசை மரபை எதனைக் கொண்டு புதுப்பிப்பது? விழாவிற்குப் பொருள் வழங்கும் அன்பர்கள், கூத்திற்கென ஒதுக்கும் தொகையில் களத்தின் பின்னே அமர்ந்திருக்கும் இளைஞன் பங்கு யாதென ஒருமுறை எண்ணுதல் நலம். அவன் படிப்பிற்கு ஓராண்டுச் செலவை ஏற்பதும் ஆலயத் திருப்பணியே ஆகும். பாரதத்திற்கு ஒரு பங்கு என்பது புதிய வேண்டுகோளன்று. கூரத்துச் செப்பேடு 1300 ஆண்டுகட்கு முன்னரே எழுதி வைத்த அறம்.