‘ஏன்’ என்ற கட்டம்

அமெரிக்காவிலோ கனடாவிலோ பள்ளிக்குப் போகும் பிள்ளை இருக்கும் வீட்டில் ‘கரண்ட் ஈவன்ட்ஸ்’ என்ற சொல் காதில் விழாமல் இருக்காது. வாரத்துக்கு ஒரு செய்தி. பத்திரிகையிலிருந்தோ இணையத்திலிருந்தோ ஒன்றை எடுத்து, தலைப்பு, எழுதியவர், தேதி மூன்றையும் குறித்து, யார், என்ன, எங்கே, எப்போது, ஏன் என்ற ஐந்து கட்டங்களையும் நிரப்பி, அடியில் இரண்டு வரி சொந்தக் கருத்து எழுதித் திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குமுன் இது எந்தப் பிள்ளைக்கும் நினைவுக்கு வராது. எங்கள் வீட்டில் பல ஞாயிற்றுக்கிழமைகள் இப்படித்தான் முடிந்திருக்கின்றன. அப்படியொரு இரவில்தான் இந்தத் தாளை முதலில் யார் கண்டுபிடித்தார்கள் என்று தேட ஆரம்பித்தேன்.

செய்தித்தாளைப் பள்ளிக்குள் கொண்டுபோகச் சொன்ன பழைய குரல்களில் ஒன்று மெயின் மாநிலத்துப் போர்ட்லாந்திலிருந்து வந்தது. 1795 ஜூன் மாதம் ‘ஈஸ்டர்ன் ஹெரால்ட்’ என்ற பத்திரிகை இதற்காகவே ஒரு தலையங்கம் எழுதியது. பிள்ளைகள் பத்திரிகை படிக்க வேண்டும் என்று முதலில் சொன்னவர்களில் பத்திரிகைக்காரர்களே இருந்தார்கள் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் உதவும்.

அந்த யோசனை ஒரு தொழிலாக மாற நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. 1902இல் மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் சார்லஸ் பாமர் டேவிஸ் என்பவர் மாணவர்களுக்கென்றே ‘கரண்ட் ஈவன்ட்ஸ்’ என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். வீட்டுப்பாடத்தின் பெயரைத் தாங்கிய பத்திரிகை. 1920இல் பிட்ஸ்பர்க் பக்கத்திலுள்ள வில்கின்ஸ்பர்க்கில் மாரிஸ் ராபின்சன் என்ற இளைஞர், அம்மாவின் தையல் அறையில் உட்கார்ந்து நான்கு பக்கப் பத்திரிகை ஒன்றைத் தயாரித்து ஐம்பது உயர்நிலைப் பள்ளிகளுக்கு அனுப்பினார். அதில் இருந்தவை பெரும்பாலும் பள்ளி விளையாட்டுச் செய்திகள். இன்று நம் பிள்ளைகள் புத்தகக் கண்காட்சி நாளில் கையேந்தி நிற்கிற ஸ்காலஸ்டிக் நிறுவனத்தின் பிறப்பு அது. 1928இல் சிறு வகுப்புப் பிள்ளைகளுக்காக ‘மை வீக்லி ரீடர்’ வந்தது. அந்த ஆண்டு ஹூவருக்கும் ஆல் ஸ்மித்துக்கும் நடந்த அதிபர் தேர்தலை, ஏழையாய்ப் பிறந்து முன்னுக்கு வந்த இரண்டு பையன்களின் கதையாக அதன் முதல் இதழ் சொன்னது. மதுவிலக்கு, கத்தோலிக்கர் ஒருவர் அதிபராகலாமா என்ற சச்சரவு என்று நாடே கொதித்துக்கொண்டிருந்த தேர்தல் அது. பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும்போது நீதிக்கதை ஆகிவிட்டது.

எனக்கு வீக்லி ரீடர்மேல் கோபமில்லை. 1956 முதல் அது மாணவர்களிடையே நடத்திய மாதிரித் தேர்தல்களில் 1992 தவிர மற்ற முறைகளெல்லாம் வென்றவரைப் பிள்ளைகள் சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். பெரியவர்களின் கருத்துக்கணிப்புகள் பொறாமைப்பட வேண்டிய கணக்கு. ஆனால் அதற்கு ஒரு விளக்கமும் உண்டு: வீட்டில் அப்பா அம்மா பேசுவதைத்தான் பிள்ளைகள் வாக்காகப் போட்டிருப்பார்கள். செய்தித்தாள் எப்படிப்பட்டதாக இருந்தாலும் செய்தி சாப்பாட்டு மேசையில்தான் பிள்ளையின் காதில் விழுகிறது.

இந்த வரலாற்றில் என்னைப் பிடித்து நிறுத்திய இடம் 1937. நியூயார்க்கில் ‘பிரச்சார ஆய்வு நிறுவனம்’ என்று ஒன்று தொடங்கப்பட்டது. பணம் கொடுத்தவர் பாஸ்டன் நகரத்துப் பெருங்கடை முதலாளி எட்வர்ட் ஃபைலீன். நடத்தியவர் கொலம்பியாவின் ஆசிரியர் கல்லூரியைச் சேர்ந்த கிளைட் மில்லர். இந்த மில்லரின் முன்கதை முக்கியம். 1918இல் அவர் கிளீவ்லாந்தில் ஒரு பத்திரிகை நிருபர். சோஷலிஸ்ட் தலைவர் யூஜின் டெப்ஸ் ஒஹாயோவின் கான்டன் நகரில் போரை எதிர்த்துப் பேசிய கூட்டத்துக்குச் செய்தி சேகரிக்கப் போனார். பிறகு நீதிமன்றத்தில் டெப்ஸுக்கு எதிராகச் சாட்சியும் சொன்னார். டெப்ஸுக்குப் பத்தாண்டுச் சிறை. போர்க்காலப் பிரச்சாரம் தன்னையே எப்படி இழுத்துக்கொண்டு போனது என்பதை மில்லர் பின்னால் உணர்ந்து வருந்தினார். அந்த மனிதர்தான் இருபது வருடம் கழித்து, செய்தியை எப்படிச் சந்தேகிப்பது என்று பள்ளிகளுக்குச் சொல்லிக்கொடுக்கக் கிளம்பினார்.

அவர்கள் ஏழு உத்திகளைப் பட்டியலிட்டார்கள். எதிராளிக்கு ஒரு கெட்ட பெயர் சூட்டுவது. யாரும் மறுக்க முடியாத பளபளப்பான சொற்களால் போர்த்துவது. மதிப்புள்ள ஒன்றின் மதிப்பைத் தன்மேல் ஏற்றிக்கொள்வது. பிரபலங்களைச் சாட்சிக்கு இழுப்பது. நானும் உங்களைப் போல் சாதாரண ஆள்தான் என்று நடிப்பது. சாதகமான தகவல்களை மட்டும் அடுக்குவது. எல்லோரும் இந்தப் பக்கம் வந்தாயிற்று, நீயும் வா என்பது. தேர்தல் நேரத்தில் நம் ஊர் மேடை எதன் முன்னாலாவது அரை மணி நேரம் நின்றவர்களுக்கு ஏழும் பழகியவைதான். 1939இல் அந்த நிறுவனம் வெளியிட்ட புத்தகம் ஒன்றில், வானொலியில் யூத வெறுப்பைப் பரப்பிக்கொண்டிருந்த பாதிரியார் காக்லினின் பேச்சை அச்சிட்டு, ஒவ்வொரு உத்திக்கும் ஒரு சிறு படக்குறி வைத்து, எந்தச் சொற்றொடரில் எந்த உத்தி ஒளிந்திருக்கிறது என்று அடையாளம் காட்டினார்கள். மென்பொருள் எழுதிப் பிழைக்கும் எனக்கு அதைப் பார்க்கையில், யாரோ ஒருவர் இன்னொருவரின் நிரலை வரிவரியாகப் படித்துப் பிழைகளைக் குறித்ததுபோல் இருந்தது.

1941இல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் எட்கர் டேல், செய்தித்தாளைப் படிப்பது எப்படி என்று மாணவர்களுக்கே ஒரு புத்தகம் எழுதினார். நம் ஊரில் பி.எட். படித்தவர்களுக்கு டேலைத் தெரிந்திருக்கும். தேர்வுக்காக மனப்பாடம் செய்த ‘அனுபவக் கூம்பு’ அவருடையதுதான்.

பிறகு பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டது. 1942 தொடக்கத்தில் பிரச்சார ஆய்வு நிறுவனம் கடையை மூடியது. நாடு போரில் இருக்கும்போது நம் தரப்பின் சொற்களையும் எதிரியின் சொற்களையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்பது அதன் பொருள். தராசு எப்போது மிக அவசியமோ அப்போது அதை உள்ளே எடுத்து வைத்தார்கள். யாரும் கட்டாயப்படுத்தி மூடவில்லை, தாங்களாகவே மூடினார்கள் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

போருக்குப் பிறகு வகுப்பறைக்குத் திரும்பி வந்தது அந்தத் தராசு இல்லை. 1950களின் கடைசியில் பத்திரிகைகளின் விற்பனைப் பிரிவு மேலாளர்கள் கூடி ‘வகுப்பறையில் செய்தித்தாள்’ என்ற திட்டத்தை நாடு முழுவதும் கொண்டுபோனார்கள். பிறகு பதிப்பாளர் சங்கம் அதை ஏற்று நடத்தியது. நல்லது பலவும் நடந்தது. பத்திரிகை வாங்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளின் கைக்கும் அன்றைய தாள் கிடைத்தது. சந்தாதாரர்கள் விடுமுறைக்குப் போகும்போது தங்கள் பிரதியைப் பள்ளிக்கு நன்கொடையாகத் திருப்பிவிடலாம். ஆனால் மேலாளர்களின் கவலை வேறு: தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்துவிட்ட தலைமுறை பெரியவர்களாகிச் சந்தா கட்டுமா? வருங்கால வாசகருக்கு வாசிக்கும் பழக்கத்தை உண்டாக்க வேண்டும். வாசித்ததைச் சந்தேகிக்கும் பழக்கத்தைச் சேர்த்து உண்டாக்க எந்த விற்பனை மேலாளருக்கும் காரணமில்லை. இதன் அசிங்கமான எல்லையை 1990இல் ‘சானல் ஒன்’ தொட்டது. பள்ளிக்கு இலவசமாகத் தொலைக்காட்சிப் பெட்டிகள், செயற்கைக்கோள் வாங்கி. பதிலுக்குப் பிள்ளைகள் தினமும் பன்னிரண்டு நிமிடச் செய்தி பார்க்க வேண்டும், அதில் இரண்டு நிமிடம் விளம்பரம். கண்ணை வேறு பக்கம் திருப்பவும் முடியாத வாடிக்கையாளர்கள்.

ஐந்து கேள்விகளுக்கு வருகிறேன். யார், என்ன, எங்கே, எப்போது, ஏன் என்பவை நிருபர் செய்தி எழுதுவதற்கான சூத்திரம். அதையே வாசிப்பவர் கையில் கொடுத்தால், நிருபர் எதைப் போட்டாரோ அதை மறுபடி வெளியே எடுத்து வைப்பதோடு வேலை முடிந்துவிடுகிறது. சாம்பாரில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் போட்டால் அது ஊசிப்போனதா என்று தெரியாது. யாரைக் கேட்டு எழுதினார்கள், யாரைக் கேட்கவில்லை, இந்தப் பத்திரிகை யாருடையது என்பதற்கெல்லாம் அந்தத் தாளில் கட்டம் கிடையாது.

நான் படித்த பள்ளியில் காலை வணக்கக் கூட்டத்தில் ஒரு மாணவர் அன்றைய தலைப்புச் செய்திகளை வாசிப்பார். தமிழ்நாட்டில் படித்த பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும். அங்கேயும் கேள்வி கிடையாது; செய்தி முடிந்ததும் திருக்குறள், பிறகு வகுப்பு. ஆனால் பள்ளிக்கு வெளியே, தேநீர்க்கடை பெஞ்சில், வேறொரு வாசிப்பு நடந்துகொண்டிருந்தது. முரசொலியைக் கையில் எடுப்பவருக்கு அது யார் பத்திரிகை என்று தெரியும். தீக்கதிர் யாருடையது, விடுதலை யாருடையது என்பதும் தெரியும். அந்த அறிவு இல்லாமல் யாரும் ஒரு வரிகூடப் படிப்பதில்லை. திராவிட இயக்கத்தின் படிப்பகங்களில் ஒருவர் வாசிக்க, எழுத்தறியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டு, உடனுக்குடன் வாதாடினார்கள். அதைப் பொன்னுலகமாகச் சொல்ல வரவில்லை. தன் கட்சிப் பத்திரிகையைத் தவிர மற்றதெல்லாம் பொய் என்று சாதிப்பவர்களும் அதே பெஞ்சில்தான் இருந்தார்கள். ஆனாலும் ‘இது யார் சொல்வது?’ என்ற கேள்வி அங்கே முதலில் வந்தது.

அந்தக் கேள்வி வராவிட்டால் என்ன ஆகும் என்பதை ஸ்கார்பரோவில் இருக்கும் என் நண்பர் ஒருவர் சொன்னதிலிருந்து புரிந்துகொண்டேன். 2009 மே 10. டொரொன்டோவில் தமிழர்கள் கார்டினர் விரைவுச்சாலையில் ஏறி அமர்ந்து போக்குவரத்தை மறித்த நாள். முள்ளிவாய்க்காலில் கடைசி நாட்கள். சுதந்திரமான செய்தியாளர்கள் யாரும் போர்ப்பகுதிக்குள் போக இலங்கை அரசு விடவில்லை. அந்த வாரம் நண்பரின் மகளுக்குப் பள்ளியில் இதே வீட்டுப்பாடம். உள்ளூர்ச் செய்தி ஒன்றை எடுத்து வரச் சொன்னார்கள். அவள் சாலை மறிப்பைப் பற்றிய செய்தியை வெட்டினாள். யார் என்ற கட்டத்தில் போராட்டக்காரர்கள். எங்கே என்றால் கார்டினர். என்ன என்றால் போக்குவரத்து நின்றது. எல்லாம் செய்தியிலேயே இருந்தது. ‘ஏன்’ கட்டத்துக்கு வந்தபோது பேனா நின்றுவிட்டது. அவள் வெட்டி வைத்திருந்த துண்டில், இலங்கையில் நடக்கும் போர் தொடர்பாக என்ற அளவில் ஒரு வரிதான் இருந்தது. அவளுடைய அம்மம்மாவின் தங்கை குடும்பம் அப்போது வன்னியில். உயிரோடு இருக்கிறார்களா என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

“அண்ணை, அந்தக் கட்டத்துக்குள்ள எங்கட கதை அடங்கேல்லை,” என்றார் நண்பர். பிள்ளை தனியாக ஒரு தாள் எடுத்து, முன்னும் பின்னும் எழுதி, ஸ்டேப்ளர் அடித்துக் கொடுத்திருக்கிறாள். ஆசிரியர் அதை முழுக்கப் படித்திருக்கிறார். அழகாக எழுதியிருக்கிறாய், ஆனால் கட்டுரையில் உள்ளதை மட்டும் எழுத வேண்டும் என்று ஓரத்தில் குறிப்பு. மதிப்பெண்ணும் கொஞ்சம் குறைந்தது. அந்த ஆசிரியரை நான் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைகள் மனம்போனபடி எழுதாமல், படித்ததைச் சரியாகப் புரிந்துகொண்டார்களா என்று பார்ப்பதுதான் அந்தத் தாளின் வேலை. அவர் அதைச் செய்தார். குறை தாளில் இருக்கிறது. செய்தியில் இல்லாததைக் கவனித்த ஒரு பிள்ளைக்கு அதில் இடமில்லை. மில்லரின் ஆட்கள் அந்தத் தாளைப் பார்த்திருந்தால் பக்க ஓரத்தில் ஒரு படக்குறி போட்டிருப்பார்கள்.

2016இல் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க்கின் குழு, பன்னிரண்டு மாநிலங்களிலிருந்து 7,804 மாணவர் விடைகளைச் சேகரித்து ஓர் ஆய்வை வெளியிட்டது. ஓர் இணையப் பக்கத்தில் விளம்பரத்தையும் செய்தியையும் பிரித்துக் காட்டச் சொன்னபோது, ‘ஸ்பான்சர்டு கன்டென்ட்’ என்று தெளிவாக எழுதியிருந்தும் நடுநிலைப்பள்ளி மாணவர்களில் 80 சதவீதத்துக்கும் மேல் அதைச் செய்தி என்றே எடுத்துக்கொண்டார்கள். அடுத்து அவர் செய்த ஆய்வு எனக்கு இன்னும் பிடித்தது. வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்ற பத்துப் பேர், ஸ்டான்ஃபர்ட் மாணவர்கள் இருபத்தைந்து பேர், பத்திரிகைகளில் தகவல் சரிபார்ப்பவர்கள் பத்துப் பேர் ஆகியோரிடம் சில இணையப் பக்கங்களைக் கொடுத்தார்கள். பேராசிரியர்களும் மாணவர்களும் பெரும்பாலும் அந்தப் பக்கத்துக்குள்ளேயே மேலும் கீழும் போய்க் கவனமாகப் படித்தார்கள், ஏமாந்தும் போனார்கள். சரிபார்ப்பவர்களோ சில நொடிகளில் அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறி, இதை நடத்துவது யார், மற்றவர்கள் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று வேறு இடங்களில் தேடினார்கள். பக்கவாட்டு வாசிப்பு என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். தேநீர்க்கடைப் பெஞ்சில் ஒரு பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பவருக்கு இந்தப் பெயர் தேவைப்படவில்லை.

நான் வசிக்கும் நியூ ஜெர்சியில் 2023 ஜனவரியில் ஒரு சட்டம் வந்தது. மழலை வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை, தகவலை எங்கிருந்து பெறுகிறோம், அதை எப்படி நம்புவது என்று கற்றுக்கொடுக்க வேண்டும். இப்போது என் மகள் கொண்டுவரும் தாளில் ஐந்து கட்டங்களுக்குக் கீழே ஒரு ஆறாவது கட்டம் இருக்கிறது: இதை வெளியிட்டவர் யார், வேறு இரண்டு இடங்களில் இதே செய்தி எப்படி வந்திருக்கிறது? அவள் அதை நிரப்பத்தான் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறாள். பல நாள் எங்களுக்குள் சண்டை வருவதும் அந்தக் கட்டத்தில்தான். சென்னைச் செய்தி ஒன்றுக்கு ஒப்பிடத் தமிழ்ப் பத்திரிகையைப் பயன்படுத்தலாமா என்று ஒருமுறை கேட்டாள். ஆசிரியரிடம் கேட்கச் சொன்னேன். மொழிபெயர்ப்பைச் சேர்த்துக் கொடுத்தால் சரி என்றாராம். மொழிபெயர்க்க உட்கார்ந்தபோது ‘பரபரப்பு’ என்ற சொல்லில் இருபது நிமிடம் போனது. தலைப்பில் அது எதற்கு என்று அவள் கேட்டதற்கு என்னால் கடைசிவரை ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை.

கத்தரிக்கோல் மட்டும் தேவைப்படுவதில்லை. 2005க்குப் பிறகு அமெரிக்காவின் செய்தித்தாள்களில் மூன்றில் ஒரு பங்கு நின்றுபோயிருக்கிறது. எங்கள் மாநிலத்தின் பெரிய தாளான ‘ஸ்டார் லெட்ஜர்’ 2025 பிப்ரவரி தொடக்கத்தில் அச்சை நிறுத்திக்கொண்டு இணையத்தோடு நின்றுவிட்டது. அதே வாரம், 1867இலிருந்து வந்துகொண்டிருந்த ‘ஜெர்சி ஜர்னல்’ அடியோடு மூடப்பட்டது. தோசைக்கும் மளிகைச் சாமானுக்கும் ஜெர்சி சிட்டிக்குப் போகிறவர்கள் ஜர்னல் ஸ்கொயர் நிலையத்தில் இறங்குவார்கள். அந்தப் பெயர் இந்தப் பத்திரிகையால் வந்தது.